கார்ட்டூன் ஊர்களின் செய்தி நிலையங்கள்: கேலி செய்யுமளவுக்கு அறிமுகமானவை

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில், அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களின் பட்டியல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு தலைப்பு கண்ணில் பட்டது: 'தென்னிலங்கையின் மெக்சிக்கோ முறைப்புத் தவளை'. 'சவுத் பார்க்' என்ற கார்ட்டூன் தொடரின் இரண்டாம் பருவத்தில், 1998 ஜூன் 10 ஆம் திகதி ஒளிபரப்பான அத்தியாயம் அது. நம் நாட்டைப் பற்றி என்னதான் சொல்லியிருக்கிறார்கள் என்று ஆவலோடு தேடிப் பார்த்தேன்.

நாடு அதில் இல்லை. பெயர் மட்டும்தான் இருந்தது. நான்கு சிறுவர்கள் ஒரு போலித் தவளையை வைத்து ஒளிப்பதிவு ஒன்றைத் தயாரித்து, உள்ளூர் அலைவரிசையில் வேட்டை நிகழ்ச்சி நடத்தும் இருவரை ஏமாற்றுகிறார்கள். அந்தத் தவளை முறைத்துப் பார்த்தாலே ஆள் சரி என்பது கதை. போலி ஒளிப்பதிவால் வேட்டை நிகழ்ச்சிக்குப் பார்வையாளர் கூடுகிறது. அதே அலைவரிசையின் மற்றொரு நிகழ்ச்சி, போட்டியைச் சமாளிக்கத் தன் தரத்தைக் குறைத்துக்கொள்கிறது. சுருக்கமாகச் சொன்னால், தவளைக் கதை என்ற பெயரில் அவர்கள் எடுத்தது சிற்றூர்த் தொலைக்காட்சி பற்றிய கதை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. அமெரிக்கக் கார்ட்டூன் எதைப் பார்த்தாலும், அதில் வரும் செய்தி நிலையத்தைக் கவனிப்பேன். என்ன எண், எந்த நகரம், யார் வாசிக்கிறார், யார் மழையில் நனைந்தபடி நேரலையில் நிற்கிறார் என்று பார்ப்பேன். இந்தக் கட்டுரை அந்தப் பழக்கத்தின் விளைவு.

முதலில், அங்கே உள்ளூர்த் தொலைக்காட்சி என்றால் என்ன?

இலங்கையில் தொலைக்காட்சி என்றால் பெரும்பாலும் கொழும்பிலிருந்து நாடு முழுவதற்கும் வருவது. யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் மட்டக்களப்பில் இருந்தாலும் இரவு பார்க்கும் செய்தி ஒன்றுதான். அமெரிக்காவின் அமைப்பு வேறு. பார்வையாளர்களை அளவிடும் நீல்சன் நிறுவனம் அந்த நாட்டை 210 தொலைக்காட்சிச் சந்தைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு சந்தையிலும் தனித்தனி நிலையங்கள் உண்டு. என்பிசி, சிபிஎஸ், ஏபிசி, ஃபொக்ஸ் போன்ற தேசிய வலையமைப்புகளின் நாடகங்களையும் விளையாட்டுகளையும் அவை ஒளிபரப்பும். ஆனால் மாலைச் செய்தி அந்த நிலையத்தின் சொந்தத் தயாரிப்பு. ஊர் மேயர், ஊர்த் தீ விபத்து, ஊர்ப் பாடசாலையின் கூடைப்பந்தாட்டம் எல்லாம் அதில் வரும்.

ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருந்தால் அது 'டபிள்யூ' எழுத்தில் தொடங்கும், மேற்கே இருந்தால் 'கே' எழுத்தில். பிட்ஸ்பர்க் நகரின் கேடிகேஏ போல விதிவிலக்குகள் சில உள்ளன. குறியோடு ஓர் அலைவரிசை எண்ணும் இருக்கும். மக்கள் நிலையத்தின் பெயரைச் சொல்வதில்லை, எண்ணைத்தான் சொல்வார்கள். 'நாலாம் சனலில் சொன்னார்கள்' என்றால் அந்த ஊரில் எல்லோருக்கும் விளங்கும். அடுத்த மாநிலத்தில் அதே நாலாம் எண் வேறொரு நிலையம்.

கார்ட்டூன் எழுத்தாளர்கள் பிடித்துக்கொண்டது இந்த எண்ணைத்தான்.

ஸ்பிரிங்ஃபீல்டின் ஆறாம் அலைவரிசை

'த சிம்ப்சன்ஸ்' தொடரில் செய்தி வாசிப்பவர் கென்ட் புரொக்மன். வெள்ளைத் தலைமயிர், ஆழ்ந்த குரல், அளவுக்கு மிஞ்சிய தன்மதிப்பு. 1990 முதல் ஆறாம் அலைவரிசையில் அவர் வாசித்து வருகிறார். அவருக்கு முன்மாதிரிகளாகப் பரவலாகச் சொல்லப்படுபவர்கள் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் இரு பெரும் வாசிப்பாளர்கள்: ஜெரி டன்ஃபி, ஹால் ஃபிஷ்மன். டன்ஃபி 1960 முதல் இரண்டாம் அலைவரிசையிலும் பின்னர் ஏழாம் அலைவரிசையிலும் வாசித்தவர். பாலைவனம் முதல் கடல் வரை தென் கலிஃபோர்னியா முழுவதற்கும் மாலை வணக்கம் சொல்லும் அவருடைய தொடக்கம் அந்த நகரத்தில் பிரபலம். ஃபிஷ்மன் ஐந்தாம் அலைவரிசையான கேடிஎல்ஏயின் நீண்டகால முகம். சிம்ப்சன்ஸ் எழுத்தாளர்கள் வேலை செய்தது அதே நகரத்தில்.

அப்படியானால் ஏன் ஆறு? லொஸ் ஏஞ்சல்ஸில் பழைய ஒளிபரப்பு முறையின் எண்கள் 2, 4, 5, 7, 9, 11, 13. ஆறு அங்கே காலியாக இருந்த இலக்கம். உள்ளூரில் எவரையும் நேரடியாகக் குத்தாமல், எல்லோரையும் குத்தக்கூடிய இடம். ஆனால் தொடரை உருவாக்கிய மற் கிரோனிங் வளர்ந்த ஒரேகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் ஆறாம் அலைவரிசை நிஜமாகவே இருக்கிறது. அதன் பெயர் கேஓஐஎன், சிபிஎஸ் வலையமைப்பைச் சேர்ந்தது. எண்ணை அங்கிருந்துதான் எடுத்தார் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் அந்த நகரத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டவை ஏராளம். ஃபிளாண்டர்ஸ், லவ்ஜோய், குவிம்பி எல்லாம் போர்ட்லண்டின் தெருப் பெயர்கள். ஆறாம் அலைவரிசையின் கோமாளியான கிரஸ்டிக்கு, சிறு வயதில் போர்ட்லண்ட் உள்ளூர்த் தொலைக்காட்சியில் பார்த்த 'ரஸ்டி நெய்ல்ஸ்' என்ற கோமாளி ஒரு தூண்டுதல் என்று கிரோனிங்கே சொல்லியிருக்கிறார்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஸ்பிரிங்ஃபீல்ட் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதை அந்தத் தொடர் வேண்டுமென்றே மறைத்துவருகிறது. ஆனால் ஊரின் வானொலி நிலையத்துக்குப் பெயர் கேபிபிஎல். 'கே' என்று தொடங்கினால், வழமைப்படி அது மிசிசிப்பிக்கு மேற்கே இருக்கவேண்டும். எழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் பிதற்றல் என்ற பொருள் வரும் என்பது தனி நகைச்சுவை.

ஆறாம் அலைவரிசையின் ஹெலிகொப்டரில் இருந்தபடி போக்குவரத்து நெரிசலைச் சொல்பவர் ஆர்னி பை. அவருக்கும் புரொக்மனுக்கும் ஆகாது. இதுவும் லொஸ் ஏஞ்சல்ஸ் சரக்கு. 1958 இல் கேடிஎல்ஏ நிலையம்தான் தொலைக்காட்சிக் கமராவை ஹெலிகொப்டரில் ஏற்றி நேரலை காட்டும் முறையைத் தொடக்கிவைத்தது. 1994 இல் ஓ.ஜே. சிம்ப்சனின் வெள்ளை வாகனத்தை ஹெலிகொப்டர்கள் நெடுஞ்சாலை நெடுகத் துரத்திக் காட்டியபோது, அந்த நகரத்தின் உள்ளூர்ச் செய்தி மரபை உலகமே பார்த்தது.

புரொக்மனைப் பற்றிய கூர்மையான விமர்சனம் ஒரு சிறிய காட்சியில் இருக்கிறது. 1992 இல் வந்த ஓர் அத்தியாயத்தில், லொத்தர் முடிவை நேரலையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பரிசு தனக்குத்தான் விழுந்திருக்கிறது என்று அறிகிறார். செய்தியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகிறார். ஊருக்காகத்தான் வாசிக்கிறேன் என்று நாள்தோறும் சொல்பவரின் விசுவாசம் எவ்வளவு என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடுகிறது.

டென்வரின் நான்கு

'சவுத் பார்க்' தொடரை உருவாக்கிய ட்ரே பார்க்கரும் மற் ஸ்டோனும் கொலராடோவில் வளர்ந்தவர்கள். பார்க்கர் கொனிஃபர் என்ற மலையோர ஊர், ஸ்டோன் லிட்டில்டன். கதை நடக்கும் பார்க் கவுண்டி வரைபடத்தில் உள்ள இடம். அந்தப் பகுதிக்குத் தொலைக்காட்சி வருவது டென்வரிலிருந்து. அங்கே 4 என்றால் கேசிஎன்சி, 7 என்றால் கேஎம்ஜிஎச், 9 என்றால் கேயூஎஸ்ஏ. சவுத் பார்க்கில் அடிக்கடி வரும் செய்தி நிலையம் நாலாம் அலைவரிசை. இங்கே எண் நிஜம், ஊர் நிஜம். உள்ளே இருப்பது மட்டும் கற்பனை.

அந்த நிலையத்தின் வாசிப்பாளர் எந்தப் பேரழிவையும் ஒரே முகபாவத்தோடு சொல்வார். களத்தில் நிற்கும் செய்தியாளரை அறிமுகப்படுத்தும்போது, செய்தியை விட்டுவிட்டு அவருடைய தோற்றத்தை வர்ணிப்பார். பார்வையாளரை இழுக்க நிலையங்கள் செய்தியாளர்களையே காட்சிப் பொருளாக்கின என்பதுதான் அந்தப் பகிடி.

2004 நவம்பரில் வந்த 'குவெஸ்ட் ஃபோர் ரேட்டிங்ஸ்' என்ற அத்தியாயத்தை ஊடக மாணவர் எவரும் பார்க்கவேண்டும் என்பேன். சிறுவர்கள் பாடசாலையின் உள்வட்டத் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறார்கள். யாரும் பார்ப்பதில்லை. விலங்குகளின் முகத்தை அகலக் கோண வில்லையால் நெருக்கமாகக் காட்டும் இன்னொரு மாணவனின் நிகழ்ச்சிக்குத்தான் கூட்டம். உடனே செய்தியின் பெயரை மாற்றி, கவர்ச்சியும் பரபரப்பும் சேர்க்கிறார்கள்.

அந்தப் புதிய பெயரில் வரும் 'அக்ஷன்' என்ற சொல் சும்மா வந்ததல்ல. 1970 இல் பிலடெல்பியாவின் ஆறாம் அலைவரிசை 'அக்ஷன் நியூஸ்' என்ற வடிவத்தை அறிமுகம் செய்தது. குறுகிய செய்திகள், வேகமான வெட்டுகள், துள்ளல் இசை. ஃபிராங்க் மேகிட்டின் நிறுவனம் போன்ற செய்தி ஆலோசகர்கள் இத்தகைய வடிவங்களை நகரம் நகரமாகக் கொண்டுசென்றார்கள். வாசிப்பாளர்கள் தமக்குள் சிரித்துப் பேசிக்கொள்வதும், இடைவேளைக்கு முன் 'உங்கள் சமையலறையில் இருக்கும் ஆபத்து என்ன?' என்று பயமுறுத்துவதும் ஊருக்கு ஊர் ஒன்றுபோலானது இப்படித்தான். ஒரு நகரத்து நிலையத்தைக் கேலி செய்தால் நாடு முழுவதும் சிரித்ததற்கும் அதுவே காரணம்.

எனக்கு இந்த அத்தியாயம் சிரிப்போடு முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தொலைக்காட்சிக்குத் துண்டுச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். வெள்ளம் வடிந்த பின் ஒரு கிராமத்தில், உடைந்த குளக்கட்டைப் பற்றி மூன்று நிமிடக் காட்சிகள் எடுத்து அனுப்பினேன். கட்டு ஏன் உடைந்தது என்று விவசாயிகள் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். மேசையிலிருந்து திரும்பி வந்த கேள்வி ஒன்றுதான்: "தம்பி, அழுற ஆக்கள் ஒருத்தரும் இல்லையா?" ஒளிபரப்பானது இருபது விநாடி. குளக்கட்டு அதில் இல்லை.

குவாஹொக்கின் ஐந்து

'ஃபமிலி கை' நடக்கும் குவாஹொக், றோட் ஐலண்ட் மாநிலத்தில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஊர். தொடரை உருவாக்கிய சேத் மெக்ஃபார்லன், அந்த மாநிலத் தலைநகரான பிரொவிடன்ஸில் கலைக் கல்லூரியில் படித்தவர். கிரிஃபின் குடும்பத்தின் வீட்டுக்குப் பின்னால் தெரியும் உயர்ந்த கட்டடங்கள் பிரொவிடன்ஸின் கட்டடங்கள். அங்கே நிஜ நிலையங்கள் 6, 10, 12 ஆகிய எண்களில் இருக்கின்றன. ஐந்து இல்லை. பக்கத்துப் பெருநகரமான பொஸ்டனில் இருக்கிறது. குவாஹொக்கின் செய்தி நிலையம் ஐந்தாம் அலைவரிசை.

டொம் டக்கர், டயான் சிமன்ஸ் இருவரும் வாசிப்பாளர்கள். கமரா அணைந்ததும் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவார்கள், கமரா திரும்பியதும் பல் தெரியச் சிரிப்பார்கள். வானிலை சொல்பவர் ஒலி வில்லியம்ஸ். முழு வானிலை அறிக்கையும் ஓரிரு சொற்களில் ஒரு கத்தல், அவ்வளவுதான். அவருடைய பகுதிக்கு வைத்த பெயர், உள்ளூர் நிலையங்களுக்கு வானிலைக் கணிப்பு விற்கும் நிஜ நிறுவனமான அக்யுவெதரைத் திரித்தது.

2010 இல் வந்த ஓர் அத்தியாயத்தில் டயான் சிமன்ஸ் கொலைகாரியாக அம்பலப்படுகிறார். அவருடைய ஆத்திரத்துக்கு ஒரு காரணம், நாற்பது வயது நெருங்குவதால் அவரை நீக்கிவிட்டு இளைய பெண்ணைக் கொண்டுவரும் திட்டம். டெக்சாஸில் நடக்கும் 'கிங் ஒஃப் த ஹில்' தொடரிலும், வானிலை சொல்லும் நான்சிக்கு இதே பயம் நிழல்போல இருக்கிறது.

இது கார்ட்டூன்காரர் கற்பனை அல்ல. 1981 இல் மிசூரியின் கன்சாஸ் சிட்டியில் கேஎம்பிசி நிலையம் கிறிஸ்டின் கிராஃப்ட் என்ற வாசிப்பாளரை அந்தப் பொறுப்பிலிருந்து இறக்கியது. ஆலோசனை நிறுவனம் ஒன்று பார்வையாளர் குழுக்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. வயது கூடியவர், அழகு போதாது, ஆண்களுக்குப் பணிந்து போகமாட்டார் என்று காரணம் சொல்லப்பட்டதாக அவர் வழக்குத் தொடுத்தார். 1983 இல் நடுவர் குழு அவருக்கு 5 இலட்சம் டொலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. நீதிபதி அதை ஏற்கவில்லை. மறு விசாரணையிலும் வென்றார், மேல்முறையீட்டில் இழந்தார். 1986 இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. கிராஃப்ட் தோற்ற வழக்கைத்தான் இந்தத் தொடர்கள் திரும்பத் திரும்ப நடத்துகின்றன என்று எனக்குத் தோன்றும்.

ஏன் நிஜப் பெயர் இல்லை?

நிலையத்தின் பெயரும் இலச்சினையும் வணிக உடைமை. அதைவிட முக்கியமாக, இந்தத் தொடர்களே அத்தகைய உள்ளூர் நிலையங்கள் வழியாகத்தான் வீடுகளுக்குப் போகின்றன. சிம்ப்சன்ஸும் ஃபமிலி கையும் ஃபொக்ஸ் வலையமைப்பின் உள்ளூர் நிலையங்களில் வருபவை. பல நகரங்களில் புரொக்மனைப் பார்த்துச் சிரித்த சிறிது நேரத்தில் அதே நிலையத்தின் இரவுச் செய்தி தொடங்கும்.

ஆகவே எழுத்தாளர்கள் எண்ணோடு விளையாடினார்கள். கிங் ஒஃப் த ஹில்லில் நான்சி வேலை செய்வது 84 ஆம் அலைவரிசை. பழைய அமெரிக்க ஒளிபரப்பு முறையில் எண்கள் 83 உடன் முடிந்துவிடும், 84 என்று ஒன்று கிடையாது. 'ஃபியூச்சராமா' இன்னும் ஒரு படி மேலே போய், எதிர்காலத்து அலைவரிசைக்கு வர்க்கமூலம் 2 என்று இலக்கம் வைத்தது. ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வராத எண்.

கேலி நிஜத்தை முந்திய நாள்

2014 இல் பிரொவிடன்ஸின் பத்தாம் அலைவரிசையான டபிள்யூஜேஏஆர் கைமாறியது. 1949 இல் தொடங்கிய அது றோட் ஐலண்டின் முதல் தொலைக்காட்சி நிலையம். வாங்கியது சின்கிளேர் என்ற நிறுவனம். குறித்த சில கருத்துரைகளைக் கட்டாயம் ஒளிபரப்பவேண்டும் என்று தன் நிலையங்களுக்குத் தலைமையகத்திலிருந்து அனுப்பும் வழக்கம் அதற்கு இருந்தது.

2018 இல் அந்த வழக்கத்தை உலகம் பார்த்தது. போலிச் செய்திகளைப் பற்றி எச்சரிக்கும் ஒரே பிரதியை, பல நகரங்களிலுள்ள சின்கிளேர் நிலைய வாசிப்பாளர்கள் தங்கள் சொந்தக் கருத்துப்போல வாசித்திருந்தார்கள். 'டெட்ஸ்பின்' என்ற இணையத்தளம் அவற்றை ஒன்றாக ஒட்டிக் காணொளியாக்கியது. டசின் கணக்கான முகங்கள், ஒரே சொற்கள், ஒரே ஏற்ற இறக்கம். தாம் வாழும் ஊரைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டு, ஊருக்குச் சம்பந்தமில்லாத எழுத்தை வாசித்தார்கள். சம்பளத்தையும் ஒப்பந்தத்தையும் நினைத்து வாசித்தவர்கள் அவர்களில் இருந்திருப்பார்கள். எவரையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தக் காணொளியைப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. கென்ட் புரொக்மனும் டொம் டக்கரும் எவ்வளவு வெறுமையான மனிதர்களாக இருந்தாலும், அவர்கள் அந்த ஊரவர்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் அணுமின் நிலையம் கசிந்தால் புரொக்மன் தப்பாகவாவது சொல்வார். கார்ட்டூன் கேலி செய்தது ஊரில் வேரூன்றிய ஒரு நிறுவனத்தை. வேரை வெட்டிய பின் கேலி செய்யவும் அங்கே ஒன்றும் மிஞ்சாது.

மீண்டும் தவளைக்கு

1998 ஜூன் 10 என்ற திகதியை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அன்று வன்னியில் ஜயசிக்குறு நடவடிக்கை ஓராண்டைக் கடந்து நடந்துகொண்டிருந்தது. அதே ஜூன் மாதத் தொடக்கத்தில் அரசாங்கம் போர்ச் செய்திகளுக்கு இராணுவத் தணிக்கையைக் கொண்டுவந்தது. இங்கே என்ன நடக்கிறது என்று இங்கிருந்தே சொல்ல முடியாத ஒரு வாரத்தில், கொலராடோவின் கற்பனைச் சிற்றூர் ஒன்றின் அலைவரிசையில் 'தென்னிலங்கை' என்ற சொல் ஒலித்தது. தூரத்து, விசித்திரமான, யாரும் போய்ச் சரிபார்க்க முடியாத இடம் ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. போலி ஒளிப்பதிவு எடுபடுவதற்கு அதுதான் வசதி.

அந்த எழுத்தாளர்கள் நம் நிலைமையை அறிந்து அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பகிடி வேலை செய்யும் முறை உண்மையானது. போய்ப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாத இடத்தைப் பற்றி எதையும் சொல்லலாம். தவளை என்றும் சொல்லலாம்.

எங்கள் ஊர்களில் வேலை செய்யும் பிராந்திய ஊடகவியலாளர்கள் பலர் துண்டுச் செய்திக்கு ஒரு தொகை என்ற கணக்கில் வாழ்பவர்கள். அவர்கள் அனுப்புவது தலைநகர மேசையில் இருபது விநாடியாகச் சுருங்குகிறது. முல்லைத்தீவுக்கென்றோ மன்னாருக்கென்றோ ஓர் எண் கிடையாது. மாலையில் அந்த எண்ணைத் திறந்து, தெரிந்த முகம் ஒன்று எங்கள் பிரதேச சபையைப் பற்றித் தப்புத் தப்பாக வாசிப்பதைப் பார்த்து நாங்கள் சிரித்ததில்லை. எங்களுக்கு ஒரு கென்ட் புரொக்மன் வாய்க்கவே இல்லை.

அந்தக் குளக்கட்டை அடுத்த வருட மழைக்கு முன் திருத்தினார்களா என்று போய்ப் பார்த்தேன். மண் மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். அதை எந்த அலைவரிசையும் கேட்கவில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.